அந்தப் பிள்ளையிடம் கேட்டோமா? நாள்பட்ட நோயுள்ள மாணவர்களும் நல்வாழ்வு முடிவுகளும்

எட்டாம் வகுப்பு. மதிய உணவுக்கு முந்தைய பாடவேளை. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால் காகிதம் பிரிக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினால், மூன்றாவது வரிசையில் ஒரு மாணவி பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறாள். "இன்னும் இருபது நிமிஷம் பொறுக்க முடியாதா?" என்று கேட்டு எழுந்து நிற்கச் சொன்னேன். அவள் கை நடுங்கியது. பயத்தில் நடுங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நெற்றியில் வியர்வையும் இருந்தது. அதையும் பார்த்தேன். ஆனால் புரியவில்லை.

மணி அடித்ததும் அவள் தோழி என்னிடம் ஓடிவந்தாள். "டீச்சர், அவளுக்குச் சுகர் டீச்சர். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா. ஊசி போட்டுக்கிட்டுதான் வர்றா."

இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியர் பணியில் இருக்கிறேன். பி.எட். படிப்பில் குழந்தை உளவியல் படித்தவள்தான். இரத்தச் சர்க்கரை இறங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தையை, அதைச் சரிசெய்யும் உணவைச் சாப்பிட்டதற்காக நிற்க வைத்திருந்தேன். அன்று அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம்.

மறுநாள் அவள் அம்மா வந்தார். "சொன்னா பிள்ளைய ஒதுக்கி வச்சிருவாங்கன்னு பயந்துட்டேன் டீச்சர். பொம்பளப் பிள்ள வேற. நாளைக்கு ஒரு நல்லது கெட்டது பாக்கணும்ல" என்றார். அவரைத் தேற்றி அனுப்பிவிட்டு, ஆசிரியர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். இனி அவளை நன்றாகப் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. உடற்கல்விப் பாடவேளையில் விளையாட வேண்டாம், மரத்தடியில் உட்காரட்டும். ஊசியும் குளுக்கோஸும் தலைமையாசிரியர் அறை பீரோவில் பத்திரமாக இருக்கட்டும். வகுப்பில் எல்லோருக்கும் அவள் நிலையை எடுத்துச் சொல்லிவிடலாம். எல்லாமே அன்பால் எடுத்த முடிவுகள்.

இரண்டு வாரத்தில் அவள் பள்ளிக்கு வருவது குறைந்தது. அழைத்துக் கேட்டேன். நெடுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தவள் கடைசியில் சொன்னாள்: "எல்லாரும் எனக்காக முடிவு பண்ணீங்க. என்னைய யாருமே கேக்கலையே டீச்சர்."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியதுதான்.

அவள் கேட்டவை என்ன?

அன்று ஒரு தாளைக் கொடுத்து, உனக்கு என்ன வேண்டும் என்று எழுதச் சொன்னேன். நான்கே வரி எழுதினாள். விளையாட விடுங்கள், விளையாடுவதற்கு முன் ஏதாவது சாப்பிட்டுக்கொள்கிறேன். ஊசி போடக் கழிவறையைத் தவிர வேறு ஓர் இடம் வேண்டும். மருந்து என் பையிலேயே இருக்கட்டும். தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போனால் பீரோ பூட்டியிருக்கிறது. வகுப்பில் என்னைப் பற்றி நானே சொல்கிறேன். எப்போது என்று எனக்குத் தெரியும்.

நான்கும் மருத்துவ நோக்கில் சரியானவை என்று பின்னர் அரசு மருத்துவரிடம் பேசியபோது தெரிந்துகொண்டேன். நாங்கள் எடுத்த முடிவுகளில் பீரோ முடிவு ஆபத்தானதும்கூட. சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் சில நிமிடங்களுக்குள் இனிப்பு உள்ளே போக வேண்டும். சுமார் 15 கிராம் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் பொறுத்து, மறுபடி சோதிக்க வேண்டும். பூட்டிய பீரோவின் சாவியைத் தேடும் நேரம் அது அல்ல.

எங்களுக்குத் தெரியாதது அவளுக்கு எப்படித் தெரிந்தது? கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் ஒருமுறை மருத்துவரைப் பார்த்து, பதினைந்து நிமிடம் பேசுவதாக வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு மூன்று மணி நேரம். பள்ளி 210 நாள், நாளுக்கு ஏழு மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 1,470 மணி நேரம். அத்தனை மணி நேரமும் அந்த நோயோடு எங்கள் வகுப்பில் உட்கார்ந்திருந்தது அவள் ஒருத்திதான். மருத்துவருக்கு நோய் தெரியும். ஆசிரியருக்கு வகுப்பறை தெரியும். நோயோடு வகுப்பறையில் இருப்பது எப்படி என்பது அந்தப் பிள்ளைக்கு மட்டுமே தெரியும்.

இது கொள்கையா, வெறும் வகுப்பறை விஷயமா?

நல்வாழ்வுக் கொள்கை என்றால் தலைமைச் செயலகத்தில் எழுதப்படுவது என்றே நினைக்கிறோம். அந்த எழுத்து ஒரு குழந்தையின் மேல் வந்து இறங்கும் இடம் பெரும்பாலும் பள்ளிதான். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு பள்ளிக்கு வருகிறது. பிறப்பிலிருந்து 18 வயது வரை உள்ளவர்களைப் பரிசோதித்துப் பரிந்துரை எழுதுகிறது. இலவச இன்சுலின், இரத்தம் உறையாமை நோய்க்கான மருந்து, வலிப்பு மாத்திரை எல்லாம் அரசு மருத்துவமனையில் கிடைக்கின்றன. இவை பெரிய வசதிகள்.

ஆனால் இரண்டு துறைகளுக்கு நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. எங்கள் மாணவி மாதந்தோறும் இன்சுலின் வாங்க ஒரு வேலைநாள் காலையில் மருத்துவமனை வரிசையில் நிற்க வேண்டும். மருத்துவமனைப் பதிவேட்டில் அன்று 'மருந்து வழங்கப்பட்டது' என்று இருக்கும். எமிஸ் பதிவில் 'வரவில்லை' என்று இருக்கும். இரண்டு பதிவும் சரியானவை. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர் யாருமில்லை. தலசீமியா உள்ள குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். அந்தக் குழந்தைக்கு ஆண்டில் எத்தனை நாள் போகும் என்று நாமே கணக்கிடலாம். இரண்டு துறைகளின் வாசலிலும் மாறி மாறி நிற்பவர் அந்தக் குழந்தை மட்டுமே. கொள்கை வகுப்பவர்களுக்கு அந்தக் குழந்தையின் சொல் தேவைப்படுவதற்குப் பெரிய காரணம் இதுதான்.

மற்ற நோய்களையும் பாருங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு, வகுப்பைப் பெருக்கும்போது வெளியே நிற்க அனுமதியும், இன்ஹேலர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் வேண்டும். இரத்தம் உறையாமை நோயில் மூட்டுக்குள் இரத்தம் கசிந்த வாரத்தில் மாடிப்படி ஏற முடியாது. வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற வேண்டும். அரிவாள் செல் சோகை நம் மாநிலத்தில் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் காணப்படுகிறது. உடலில் நீர் குறைந்தால் இந்நோயில் கடும் வலி வரும். அதற்குப் பயந்து அடிக்கடி தண்ணீர் குடிக்கும் பிள்ளை அடிக்கடி சிறுநீர் கழிக்கவும் போகும். "சும்மா சும்மா வெளியே போகாதே" என்று நாம் சொல்லும் சொல் அந்தப் பிள்ளைக்கு ஒரு மருத்துவத் தடை.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் உரிமைகள் உடன்படிக்கை 1989-இல் நிறைவேறியது. இந்தியா 1992 டிசம்பரில் அதில் இணைந்தது. அதன் 12-ஆவது பிரிவின்படி, தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு மதிப்புத் தர வேண்டும். 24-ஆவது பிரிவு உடல்நலத்துக்கான உரிமை. இரண்டையும் சேர்த்து வாசித்தால், ஒரு குழந்தையின் மருத்துவத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் அந்தக் குழந்தையின் குரலுக்கும் இடம் உண்டு என்று பொருள்.

நம் நாட்டுச் சட்டம் இன்னும் நேரடியாகப் பேசுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் தலசீமியா, இரத்தம் உறையாமை, அரிவாள் செல் நோய் ஆகியவையும் அடங்கும். அதன் 4-ஆவது பிரிவு, மாற்றுத்திறன் குழந்தைகள் தங்களைப் பாதிக்கும் எல்லாவற்றிலும் சுதந்திரமாகக் கருத்துச் சொல்வதை அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் உறுதிசெய்ய வேண்டும், அதற்கான உதவியையும் வயதுக்கேற்பத் தர வேண்டும் என்கிறது. ஊராட்சிக்கும் இந்தக் கடமை உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும்.

முதல் வகை நீரிழிவு இந்த 21-இல் இல்லை. ஆனால் 2023 மார்ச்சில் தேசியக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்கு எழுதிய கடிதம், இந்தக் குழந்தைகள் வகுப்பு நேரத்திலேயே சர்க்கரை பார்க்கவும், இன்சுலின் போடவும், இடையில் சிற்றுண்டி சாப்பிடவும் ஆசிரியர்கள் அனுமதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. தேர்வறைக்குச் சர்க்கரை மாத்திரை, பழம், பிஸ்கட், தண்ணீர் கொண்டுபோகவும் விடச் சொன்னது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன் பொதுத்தேர்வுகளில் 2017-லேயே இதற்கு அனுமதி அளித்திருந்தது. நான் பிஸ்கட்டுக்காக ஒரு பிள்ளையை நிற்க வைத்த நாளில் இதெல்லாம் எனக்குத் தெரியாது.

எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2017-இல் ஒரு பிரிவு என்னை வியக்க வைத்தது. எச்.ஐ.வி. பாதித்த குடும்பத்தைக் கவனித்துக்கொள்ளும் அக்காவோ அண்ணனோ, 12 வயது நிறைந்து போதிய முதிர்ச்சி உள்ளவராக இருந்தால், தம்பி தங்கையின் பள்ளிச் சேர்க்கைக்கும் சிகிச்சைக்கும் பாதுகாவலராக இருக்கலாம். பன்னிரண்டு வயது என்றால் ஏழாம் வகுப்பு. நாட்டின் சட்டம் நம்பும் அந்த வயதுப் பிள்ளையை நாமும் நம்பலாம்.

கேட்டதால் மாறியவை

தென்னாப்பிரிக்காவில் 1989-இல் பிறந்த நிகோசி ஜான்சன் பிறவியிலேயே எச்.ஐ.வி. தொற்றுடையவன். 1997-இல் அவனைப் பள்ளியில் சேர்க்க வளர்ப்புத் தாய் முயன்றபோது எதிர்ப்புக் கிளம்பியது. பெற்றோர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள்; நாடு முழுவதும் விவாதம் நடந்தது. கடைசியில் அவனுக்கு இடம் கிடைத்தது. எச்.ஐ.வி. உள்ள மாணவர்களையும் ஆசிரியர்களையும் பள்ளிகள் எப்படி நடத்த வேண்டும் என்ற தேசியக் கொள்கையைத் தென்னாப்பிரிக்கா 1999-இல் வெளியிட்டது.

2000 ஜூலையில் டர்பனில் நடந்த சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டின் தொடக்க விழாவில், பதினோரு வயது நிகோசி பேசினான். கர்ப்பிணித் தாய்மார்களுக்கு மருந்து கொடுங்கள், குழந்தைக்குத் தொற்று பரவாது என்று அரசைக் கேட்டான். அரசு உடனே இணங்கவில்லை. நிகோசி 2001 ஜூன் 1 அன்று இறந்துபோனான். மக்கள் இயக்கங்கள் தொடுத்த வழக்கில் 2002-இல்தான் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் தாய்மார்களுக்கு மருந்து தரச் சொல்லித் தீர்ப்பளித்தது. ஒரு குழந்தையின் பேச்சினால் மட்டுமே அது நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அறிக்கைகளில் எண்ணாக இருந்த ஒன்றை உலகம் ஒரு பிள்ளையாகப் பார்த்தது அந்த மேடையில்தான்.

அமெரிக்காவில் 1999 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை, முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைகள் நூற்றுக்கு மேற்பட்டோர் வாஷிங்டன் சென்று நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்திக்கிறார்கள். நான்கு வயதுப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. நீரிழிவு ஆய்வுக்கான நிதி தொடர வேண்டும் என்று தங்கள் வாழ்க்கையைச் சொல்லிக் கேட்கிறார்கள்.

இங்கிலாந்தில் குழந்தைகள் மற்றும் குடும்பங்கள் சட்டம் 2014, நோயுள்ள மாணவர்களுக்கு உதவுவதைப் பள்ளிகளின் சட்டக் கடமையாக்கியது. அதற்கான அரசு வழிகாட்டுதல், மாணவருக்குத் தனி நலத் திட்டம் எழுதும்போது அந்த மாணவரையே சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. செய்யக் கூடாதவை என்று ஒரு பட்டியலும் தருகிறது. மருந்து மாணவர் கைக்கு எளிதில் எட்டாமல் செய்வது, ஒரே நோயுள்ள எல்லாருக்கும் ஒரே ஏற்பாடு என்று நினைப்பது, அடிக்கடி வீட்டுக்கு அனுப்பிவிடுவது, உண்ணவும் குடிக்கவும் கழிவறை செல்லவும் தடுப்பது ஆகியவை அதில் உள்ளன. அந்தப் பட்டியலைப் படித்தபோது, எட்டாம் வகுப்பு மாணவி எழுதிக் கொடுத்த நான்கு வரித் தாள் என் கண்முன் வந்து நின்றது.

உலக நலவாழ்வு நிறுவனமும் 2023-இல், தொற்றா நோய்களோடு வாழ்பவர்களைக் கொள்கை முடிவுகளில் பொருளுள்ள வகையில் ஈடுபடுத்துவதற்கான வழிகாட்டுச் சட்டகம் ஒன்றை வெளியிட்டுள்ளது.

மேடையில் ஏற்றுவது பங்கேற்பு ஆகாது

இந்த இடத்தில் நாம் தவறக்கூடும். உலக நீரிழிவு நாளன்று ஒரு பிள்ளையை மேடையேற்றி, நாம் எழுதிக் கொடுத்ததை மனப்பாடமாகப் பேச வைத்து, பொன்னாடை போர்த்திப் படம் எடுத்தால் எல்லோருக்கும் மனம் நிறைந்துவிடும். அந்தப் பிள்ளைக்கு எதுவும் மாறியிருக்காது. ரோஜர் ஹார்ட் என்பவர் 1992-இல் யுனிசெப்புக்காக எழுதிய கட்டுரையில் குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். கீழ் மூன்று படிகளில் குழந்தைகளைப் பயன்படுத்திக்கொள்வது, அலங்காரமாக வைப்பது, பெயருக்குச் சேர்ப்பது ஆகியவை இருக்கின்றன. இந்த மூன்றையும் அவர் பங்கேற்பு என்றே ஏற்கவில்லை.

பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரா லண்டி 2007-இல் சொன்ன நான்கு கூறுகள் ஆசிரியர்களுக்கு எளிதில் பயன்படும். முதலாவது இடம்: பயமின்றிப் பேச வாய்ப்பு இருக்கிறதா? இரண்டாவது குரல்: பேசவோ எழுதவோ வரையவோ உதவி கிடைத்ததா? மூன்றாவது கேட்பவர்: முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் அதைக் கேட்டாரா? நான்காவது தாக்கம்: சொன்னதால் ஏதாவது மாறியதா, மாறவில்லை என்றால் ஏன் என்று பிள்ளைக்குச் சொன்னார்களா?

நம் பள்ளிகளில் முதல் இரண்டும் ஓரளவு நடக்கும். மூன்றாவது அபூர்வம். நான்காவது அநேகமாக இல்லை.

நாம் செய்யக் கூடியவை

*தனியாகக் கேளுங்கள்.* கல்வியாண்டின் தொடக்கத்தில் பெற்றோரோடும் மாணவரோடும் உட்கார்ந்து ஒரு பக்கத் தாள் எழுதலாம். என்ன நோய், என்ன மருந்து, ஆபத்தின் அறிகுறி என்ன, அப்போது யார் என்ன செய்ய வேண்டும், யாருக்கெல்லாம் தெரியலாம். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மாணவர்தான்.

*தொடக்கப் பள்ளியில் படமாகக் கேளுங்கள்.* ஏழு வயதுப் பிள்ளைக்குக் 'கொள்கை' புரியாது. பள்ளியின் வரைபடத்தைக் கொடுத்து, பிடித்த இடத்துக்குப் பச்சையும் பயமான இடத்துக்குச் சிவப்பும் அடிக்கச் சொன்னால் செய்யும். சிவப்பு எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

*நோயைப் பொதுப்பாடமாக்குங்கள்.* யாரையும் சுட்டாமல் எல்லாருக்கும் முதலுதவி கற்றுக்கொடுக்கலாம். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அது உதவாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், நேரத்தைக் கவனிக்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. இனிப்புத் தின்றதால் வருவதல்ல முதல் வகை நீரிழிவு, தொட்டால் ஒட்டுவதுமல்ல என்று வகுப்பு முழுவதற்கும் தெரிந்திருந்தால், எங்கள் மாணவி தோழியிடம் சத்தியம் வாங்கியிருக்க வேண்டியதில்லை.

*பள்ளி மேலாண்மைக் குழுவுக்குக் கொண்டுபோங்கள்.* கட்டாயக் கல்விச் சட்டத்துக்கான 2010-ஆம் ஆண்டு மத்திய விதிகள், குழுவில் உள்ளூர்க் கல்வியாளருக்கோ பள்ளி மாணவருக்கோ இடம் தர வழி செய்கின்றன. உறுப்பினராக இல்லாவிட்டாலும் மாணவரை அழைத்துக் கேட்கலாம். நேரில் பேசத் தயங்கும் பிள்ளையின் கடிதத்தைப் பெயர் சொல்லாமல் வாசிக்கலாம். முடிவைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதுங்கள். எழுதப்படாத முடிவு அடுத்த ஆண்டு மறந்துபோகும்.

*பள்ளிக்கு வெளியே அனுப்புங்கள்.* நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. கர்நாடகத்தில் குழந்தைகளுக்கென்றே கிராம சபைகள் நடக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தின் நேரம், மருந்து கிடைக்கும் நாள் ஆகியவை குறித்து மாணவர்கள் எழுதிய கோரிக்கையைக் கிராம சபையில் வைக்கலாம். பரிசோதனைக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் மாணவர்களையே கேள்வி கேட்கச் சொல்லலாம்.

*இரகசியம் காப்பாற்றுங்கள்.* பங்கேற்பு என்ற பெயரில் யாருடைய நோயும் வெளியே வரக் கூடாது. எச்.ஐ.வி. விஷயத்தில் ஒப்புதலின்றி வெளியிடுவதைச் சட்டமே தடுக்கிறது. மற்ற நோய்களிலும் அதே ஒழுக்கம் வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிள்ளையின் பெயரோடு நோயை எழுதாதீர்கள். பேச விரும்பாத பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். பேசாமலிருப்பதும் அதன் உரிமை.

"இருக்கிற வேலையில் இது வேறா?" என்று நண்பர்கள் கேட்பது காதில் விழுகிறது. எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. ஒரு மாணவரோடு ஆண்டுக்கு ஒருமுறை அரை மணி நேரம். அந்த அரை மணியைக் கொடுக்காததால் நான் இழந்தது ஒரு பிள்ளையின் இரண்டு வார வருகை. அதற்கு மேலும் இழந்திருக்கலாம்.

"பிள்ளைக்கு என்ன தெரியும், தப்பாகக் கேட்டால்?" என்பது இன்னொரு கேள்வி. கேட்பதெல்லாம் கொடுப்பது அல்ல பங்கேற்பு. ஒரு மாணவன் இனி மாத்திரையே வேண்டாம் என்று சொன்னால், அதை நாம் ஏற்க முடியாது. ஆனால் ஏன் வேண்டாம் என்கிறான் என்று கேட்கலாம். மாத்திரை போட்டதும் வகுப்பில் தூக்கம் வந்து திட்டு வாங்குகிறான் என்பது அப்போதுதான் தெரியவரும். மருத்துவர் மருந்து நேரத்தை மாற்றலாம். நாம் திட்டுவதை நிறுத்தலாம்.

பதில் வந்ததா?

எங்கள் பள்ளியில் என்ன நடந்தது என்று சொல்லி முடிக்கிறேன். மருந்து அவள் பைக்குத் திரும்பியது. நூலக அறையின் ஒரு மூலையில் திரை கட்டி, ஒரு நாற்காலியும் ஊசி போடும் மூடிய டப்பாவும் வைத்தோம். விளையாட்டுக்கு முன் அவள் பழம் சாப்பிடுவதை உடற்கல்வி ஆசிரியர் நினைவூட்டுகிறார். குளிர்பெட்டி வாங்க நிதியில்லை என்று மேலாண்மைக் குழுவில் சொல்லிவிட்டார்கள். பயன்பாட்டில் உள்ள மருந்துக்கு மண்பானைக் குளிர்ச்சி போதும் என்று மருத்துவர் சொன்னதால், கோடையில் ஈர மணலில் வைத்த பானை ஒன்று அந்த மூலையில் இருக்கிறது. அந்த யோசனையும் அவள் பாட்டி வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்ததுதான். மூன்று மாதம் கழித்து ஒரு நாள், அறிவியல் பாடத்தில் கணையம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவளே எழுந்தாள். "டீச்சர், இதை நான் சொல்லவா?" என்று கேட்டு வகுப்புக்குச் சொன்னாள். யாரும் ஒதுங்கவில்லை. ஊசி வலிக்குமா என்றுதான் கேட்டார்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. வேலைநாள் காலையில் நிற்காமல் சனிக்கிழமையில் மருந்து வாங்க முடியுமா, அல்லது இரண்டு மாதத்துக்குச் சேர்த்துத் தர முடியுமா என்று அவள் எழுதிய கோரிக்கையை மேலாண்மைக் குழுத் தீர்மானமாக்கி மருத்துவமனைக்கு அனுப்பினோம். பதில் வரவில்லை. நினைவூட்டுக் கடிதமும் அனுப்பியிருக்கிறோம். அவள் இப்போது பத்தாம் வகுப்பு. மாதத்தில் ஒரு நாள் வராமல் போய், மறுநாள் வந்ததும் என்னிடம் கேட்பாள்: "பதில் வந்துச்சா டீச்சர்?"

இல்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்பு பிஸ்கட்டை ஒளித்துத் தின்ற பிள்ளை, இன்று தனக்கு ஒரு பதில் வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறாள். அந்த எதிர்பார்ப்பைக் கற்றுக்கொடுத்தது நாம்தான். அதனால் பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பதும் நம் வேலைதான். அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தை மறுபடியும் வைக்கப்போகிறோம். இந்த முறை வாசிக்கப்போவது அவள்.